அரைக் கிலோமீட்டருக்குள்

நிர்மல் ஒரு கம்பெனிக்கு மேனேஜிங் டைரக்டர் ஆனபோது அவனிடம் சொந்தமாக ஒரு பைக் கூட இல்லை. நிலவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, வேலூரில் ஒரு டியூஷன் சென்டரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். தென்கரை எனர்ஜி என்ற எண்ணெய்க் கம்பெனியிலிருந்து கிஷோர் என்பவர் கூப்பிட்டுப் பேசினார். மறுநாள் நேரிலேயே வந்தார். மூன்றாம் நாள் வேலை உறுதியாகிவிட்டது.

"என்ன வேலைங்க இது?" என்று அவன் மனைவி யாழினி கேட்டாள்.

"இருக்கிறதுதான் வேலை."

அவள் முறைத்ததும் நிர்மல் விளக்கமாகச் சொன்னான். "பெட்ரோலும் கேஸும் தோண்டி விக்கிறவங்க, அது எரிஞ்சு எவ்வளவு கரியமில வாயு வருதோ அவ்வளவையும் பிடிச்சு மறுபடி பூமிக்குள்ளயே வைக்கணும். மீள்புதைப்புச் சட்டம்னு சொல்றாங்களே, அதான். டெல்டாவுல கேஸ் தீர்ந்துபோன பழைய கிணறுங்க நிறைய இருக்கு. அதுக்குள்ளதான் அழுத்தி இறக்குறாங்க. அந்த வேலைக்குன்னு தனியா ஒரு சின்னக் கம்பெனி. அதோட தலைவர், கிணத்துலேர்ந்து அரைக் கிலோமீட்டருக்குள்ள குடும்பத்தோட குடியிருக்கணும்னு சட்டத்துல ஒரு விதி."

"அப்படின்னா தென்கரை முதலாளியில்ல அங்க வந்து குடியிருக்கணும்?"

"அதனாலதான் தனிக் கம்பெனி. அதுக்குத் தலைவர் நான்."

யாழினி சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஆபத்தா?" என்று கேட்டாள்.

"மூவாயிரம் அடிக்குக் கீழ போகுது யாழு. மேல இருக்கிற களிமண் பாறை மூடி போட்ட மாதிரி. நான் படிச்ச வரைக்கும் ஆபத்து இல்ல."

அவன் படித்தது பொய்யில்லை. பாறை நல்ல பாறைதான்.

மேலமணக்கால் என்ற டெல்டா கிராமத்தில் அவர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வீடு பெரியது. வெள்ளம் வந்தால் ஏறாமலிருக்க ஆள் உயரத்துக்கு மண் கொட்டி, அதன்மேல் கட்டியிருந்தார்கள். வாசலில் நின்றால் ஒரு பக்கம் கிணற்று வளாகத்தின் நீலநிற வேலி தெரியும். மறுபக்கம் வயலும், வயலைத் தாண்டி வாய்க்கால் ஓரமாகத் தாழ்வாகக் கிடக்கும் பள்ளத்தெருவின் ஓட்டு வீடுகளும் தெரியும்.

சாமான் இறக்கிய அன்றே பள்ளத்தெருவிலிருந்து ஒரு அம்மாள் பால் தூக்கோடு வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பாலைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நேராகச் சமையலறைக்குள் நுழைந்தாள். அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தாள். அலமாரியைத் திறந்து துணிகளைப் பார்த்தாள். அவர்களின் ஆறு வயதுப் பிள்ளை இயலின் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னம்மா தேடுறீங்க?" என்றாள் யாழினி.

"நெசமாவே குடியிருக்க வந்திருக்கீங்களா, பேருக்கு வந்திருக்கீங்களான்னு பாக்குறேன். கோச்சுக்காத பாப்பா. எம் பேரு தவமணி. இந்தச் சட்டத்துல அரைக் கிலோமீட்டருன்னு இருக்கே, அத வாங்குனது நாங்கதான்."

அவள் தரையிலேயே உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னாள். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு டெல்டா முழுவதிலிருந்தும் சனம் வந்திருந்தது. மேடையில் இருந்த விஞ்ஞானி, பூமிக்குள் வாயுவை வைப்பதால் ஒரு கெடுதலும் வராது என்று படம் போட்டுக் காட்டினார். தவமணி எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

"நான் ஒண்ணுதான் கேட்டேன். ஒரு கெடுதலும் இல்லன்னா, கம்பெனி தலைவரு பொண்டாட்டி புள்ளையோட வந்து எங்க பக்கத்துல இருக்கட்டும். அவரு புள்ள தூங்குற எடத்துல எம் புள்ளையும் தூங்குவான். அவரு போனா நாங்களும் போறோம். வேற ஒண்ணும் வேணாம்னேன். கூட்டத்துல ஒரே கைத்தட்டலு. பெறவு அதயே சட்டமா எழுதிப்புட்டாங்க."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"நீங்க இருக்கையில எங்களுக்கு என்னா பயம்?"

அதைக் கேட்டபோது யாழினிக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்றரை வருஷம் நல்லபடியாகப் போனது. நிர்மலின் வேலை, வாரத்துக்கு ஒருமுறை வளாகத்துக்குள் போய் மீட்டரைப் பார்த்துவிட்டு 'கசிவு இல்லை' என்று தலைமை அலுவலகத்துக்கு உறுதி சொல்வது. மற்ற நேரத்தில் பள்ளத்தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். தவமணியின் மகன் கவியரசன் பால் வண்டி வைத்திருந்தான். அவனுக்கும் சுபஸ்ரீக்கும் கல்யாணம் நடந்தபோது, மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நின்று வந்தவர்களை வரவேற்றது நிர்மலும் யாழினியும்தான்.

கல்யாணமான மறு வருஷம் சுபஸ்ரீ உண்டானாள். எதைச் சாப்பிட்டாலும் குமட்டல். ஆடி மாதத்தில் ஒருநாள் அவள் யாழினியைப் பார்க்க வந்தபோது கையில் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, எங்க போர் தண்ணிய குடிச்சுப் பாருங்களேன். ஒரு வாரமா சோடா கணக்கா சுர்ருங்குது. இதக் குடிச்சாத்தான் எனக்கு வாந்தி நிக்கிது."

யாழினி ஒரு மடக்குக் குடித்தாள். நாக்கில் சுருக்கென்றது. பாட்டிலின் உட்பக்கம் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டியிருந்தன.

சாயங்காலம் நிர்மலிடம் சொன்னாள். அவன் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு உடனே பள்ளத்தெருவுக்குக் கிளம்பினான். யாழினியும் கூடப் போனாள். தவமணி வீட்டுப் பின்பக்கம் மோட்டார் இறக்கியிருந்த சின்னக் குழி ஒன்று இருந்தது. நிர்மல் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கொட்டாங்கச்சியில் நட்டு, கயிறு கட்டி மெதுவாகக் குழிக்குள் இறக்கினான். பாதி ஆழம் போனதும் சுடர் அணைந்தது. மறுபடி கொளுத்தி இறக்கினான். அதே இடத்தில் மறுபடி அணைந்தது. குழியின் அடியில் இரண்டு தவளைகள் வயிறு மேலே தெரியச் செத்துக்கிடந்தன.

"காத்துதானே அணைச்சிருக்கும்?" என்றான் கவியரசன்.

"குழிக்குள்ள ஏது காத்து?" என்று நிர்மல் முணுமுணுத்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் யாழினியிடம் சொன்னான். "பாறை தாங்குது. ஆனா இந்தப் பக்கம் அந்தக் காலத்துல கேஸ் இருக்கான்னு பாக்கத் துளை போட்டிருக்காங்க. அத சிமெண்ட் வச்சு அடைச்சதோட சரி. எங்கெங்க போட்டாங்கன்னு யாருக்கும் முழுசாத் தெரியாது. வாயு தண்ணியில கலந்தா புளிக்கும், அந்தப் புளிப்பு சிமெண்டைத் தின்னும். அப்படி ஒரு துளை இந்தத் தெருவுக்கு அடியில திறந்துக்கிட்டிருக்கு."

"வாயு அது வழியா மேல வந்தா என்ன ஆகும்?"

"இது காத்தைவிடக் கனம். வாசனை கிடையாது. தண்ணி மாதிரி பள்ளத்தைத் தேடிப் போய்த் தேங்கும். காத்து அடிச்சா கலைஞ்சிடும். காத்து இல்லாத விடியக்காலையில மொத்தமா வெளிய வந்துச்சுன்னா, படுத்திருக்கிறவங்க எழுந்திருக்க மாட்டாங்க."

யாழினி திரும்பிப் பள்ளத்தெருவைப் பார்த்தாள். பிறகு மேட்டின் மேல் நிற்கும் தன் வீட்டைப் பார்த்தாள். அந்த வீட்டை ஏன் அவ்வளவு உயரத்தில் கட்டினார்கள் என்று இப்போது கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

நிர்மல் கிஷோரைக் கூப்பிட்டான். கிஷோர் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டார்.

"மீட்டர்ல ஏதாவது காட்டுதா?"

"மீட்டர் வளாகத்துக்குள்ள இருக்கு சார். கசிவு வெளிய இருக்கு."

"சட்டம் மீட்டரைத்தான் சொல்லுது நிர்மல். சரி, நீங்க கசிவுன்னு அறிவிச்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? முதல் பொறுப்பு டைரக்டருக்கு. ஏழு வருஷம் உள்ள போகணும். நாங்க தாய்க் கம்பெனி, பணம் போட்டிருக்கோம், அவ்வளவுதான். அந்தச் சட்டத்தைப் போட்டது நாங்க இல்ல. கஷ்டமா இருந்தா ராஜினாமா பண்ணிடுங்க, வேற ஆளைப் போட்டுக்கிறோம்."

அழைப்பு முடிந்த பிறகும் நிர்மல் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தவமணியிடம் சொல்ல யாழினி தனியாகப் போனாள். தவமணி மாட்டுக்குத் தீவனம் கலந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே முழுவதையும் கேட்டாள்.

"நீங்க போகப் போறீங்களா?"

"இன்னும் முடிவு பண்ணலம்மா. நீங்கல்லாம் முதல்ல போகணும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"நீங்க இருக்கீங்கல்ல. அப்ப ஒண்ணும் இருக்காது."

"எங்க வீடு மேட்டுல இருக்கும்மா. அங்க வராது. முதல்ல இங்கதான் வரும். நாங்க இருக்கிறத வச்சு நீங்க எதையும் நம்பக் கூடாது."

தவமணியின் முகம் மாறியது. "பாப்பா, அத நம்பித்தான் இந்தத் தெருவே இருக்கு. நாப்பது குடும்பம். விதைச்சது வயலுல நிக்கிது. உம் பேச்சக் கேட்டு வீட்டப் பூட்டிக்கிட்டு எங்க போறது? ரோட்டுலயா? ஒண்ணு சொல்றேன். நெசமாவே ஆபத்துன்னா உம் புள்ளைய வச்சுக்கிட்டு நீ இங்க ஒரு நாளு இருக்க மாட்ட. நீ போனா நான் நம்புறேன்."

யாழினி அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னாள். நிர்மல் கணக்குப் போட்டுப் பார்த்தான். போனால் வேலை போகும், வீடு போகும். ஓடிப்போன டைரக்டர் என்று பெயர் வரும், வேறெங்கும் வேலை கிடைக்காது.

"நாம போறதுதான் அவங்களுக்குப் புரியிற பாஷைங்க," என்றாள் யாழினி.

அதனால் எல்லோரும் பார்க்கவேண்டும் என்றே உச்சிவெயிலில் கிளம்பினார்கள். லாரியில் கட்டில், பீரோ, இயலின் சைக்கிள் என்று எல்லாம் ஏற்றி, பள்ளத்தெரு வழியாகவே ஓட்டச் சொன்னார்கள். தெருவே வாசலில் நின்றது. யாழினி ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் லாரியை நிறுத்தி, "நாங்க போறோம். நீங்களும் கிளம்புங்க," என்று சொன்னாள். சிலர் திட்டினார்கள். ஒரு கிழவர் மண்ணை வாரி வீசினார். ஆனால் லாரி மெயின் ரோட்டில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். இரண்டு வீடுகளில் பாயைச் சுருட்டி வெளியே வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் ஆட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தவமணி வாசலில் அசையாமல் நின்றாள். பிறகு சுபஸ்ரீயைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவள் உள்ளே போய்த் துணி மூட்டையோடு வந்தாள். வேலூர் போய்ச் சேரும்வரை யாழினி அந்தத் துணி மூட்டையையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தவமணியே போன் செய்தாள். குரலில் ஒரு குதூகலம் இருந்தது.

"பாப்பா, சேதி தெரியுமா? எங்க கவியத்தான் டைரக்டரா போட்டிருக்காங்க."

யாழினிக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எந்தக் கவி?"

"எம் மவன்தான். அந்தக் கிஷோரு சாரு காலையிலயே வந்துட்டாரு. வெளியூருலேர்ந்து ஆளக் கொண்டாந்து வச்சா ஓடிப்போயிடுறாங்க, அரைக் கிலோமீட்டருக்குள்ளயே பொறந்து வளந்தவன வச்சா என்னான்னு கேட்டாரு. சட்டத்துக்கும் சரியா இருக்காம். சனம்லாம் மூட்டையப் பிரிச்சுட்டு மேளம் வச்சுட்டாங்க. கம்பெனியே இப்ப நம்மளுதுங்குறாங்க."

"அம்மா, வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க. கசிவு வந்தா கவியைத்தான் பிடிப்பாங்க. கசிவு இருக்கும்மா."

"இருந்தா எம் மவன் பாத்துக்க மாட்டானா? அவன் பொண்டாட்டி வாயும் வயிறுமா இங்கதான இருக்கா? அவனுக்கு இல்லாத அக்கறையா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "நீ போனது போனதுதான். ஆனா எனக்கு உன் மேல கோவம் இல்ல பாப்பா."

"அப்ப அந்த மேட்டு வீட்டுக்காவது குடிபோயிடுங்க."

"அத சாமான் வைக்கிற ரூமா ஆக்கிப்புட்டாங்க. நாங்கதான் ஏற்கெனவே எல்லைக்குள்ள இருக்கமே."

யாழினி மாவட்ட அலுவலகத்துக்கு வாரக்கணக்கில் போன் செய்தாள். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "பழைய டைரக்டர் பதவியிலிருந்து விலகிட்டாரேம்மா. புது டைரக்டர் கசிவு இல்லைன்னு வாரா வாரம் உறுதி சொல்றாரு. அவரும் அங்கதான குடும்பத்தோட இருக்காரு?" அவள் மூன்று பத்திரிகைகளைக் கூப்பிட்டாள். ஒன்று மட்டும் போட்டது. ஊழல் செய்து விரட்டப்பட்ட அதிகாரியின் புகார் என்று தலைப்பு வைத்துப் போட்டது.

நிர்மல் கவியரசனிடம் பேசினான். மெழுகுவர்த்தியை மறுபடி இறக்கிப் பார்க்கச் சொன்னான். கவியரசன் பார்த்தான். அணைந்தது என்று ஒப்புக்கொண்டான். கிஷோரிடம் சொன்னதாகவும், மீட்டரில் இல்லாததைச் சொன்னால் முதலில் ஜெயிலுக்குப் போவது நீதான் என்று அவர் சொன்னதாகவும் சொன்னான்.

"நீங்க போயிட்டீங்கண்ணே," என்றான் கடைசியில். "உங்களுக்குப் போறதுக்கு ஒரு ஊரு இருந்துச்சு."

மார்கழியில் பனி இறங்கியது. ஒருநாள் விடிகாலையில் இலை அசையவில்லை. கவியரசன் பால் வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தான். கண் ஆஸ்பத்திரியில் விடியுமுன்பே கொடுக்கும் டோக்கனை வாங்கி வரத் தவமணியும் கூடப் போயிருந்தாள். திரும்பி வரும்போது வாய்க்கால் பாலத்தில் ஏறியதும் வண்டி இருமிவிட்டு நின்றது. எவ்வளவு முயன்றும் கிளம்பவில்லை. இறங்கி நடந்தார்கள். ஒரு நாய் குரைக்கவில்லை, ஒரு கோழி கூவவில்லை. பாலத்தின் சரிவில் கால் வைத்ததும் தவமணிக்கு மூச்சு முட்டியது. கவியரசன் அவளை மேட்டுக்கு இழுத்து உட்கார வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினான். இரண்டு முறை ஓடி இரண்டு முறையும் பாதியில் விழுந்து தவழ்ந்து திரும்பினான். வெயில் ஏறி, காற்று எழுந்த பிறகுதான் வீட்டுக்குள் போக முடிந்தது.

சுபஸ்ரீ அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதம். முகத்தில் ஒரு வேதனையும் இல்லை. அந்தத் தெருவில் அன்று தூங்கியவர்களில், குழந்தைகள் உட்பட, ஒருவரும் பிழைக்கவில்லை.

கவியரசனைப் போலீசார் சுடுகாட்டிலிருந்தே கூட்டிப்போனார்கள்.

வழக்கு சீக்கிரமே நடந்தது. சட்டம் அப்படி. எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் இழுத்தடிக்கக் கூடாது என்று, பொறுப்பானவரை ஆறு மாதத்துக்குள் விசாரித்து முடிக்கும்படி கடுமையாக எழுதியிருந்தார்கள். நிர்மலும் யாழினியும் தாங்களாகவே சாட்சி சொல்ல வந்தார்கள். கசிவைப் பற்றித் தென்கரை கம்பெனிக்கு முன்பே தெரியும் என்று நிரூபித்தால் கவியரசன் தப்பிவிடுவான் என்று அவர்கள் நம்பினார்கள்.

கிஷோரிடம் சொன்னதை நிர்மல் சொன்னான். போனில் பேசியதுதானே, அதற்கு ஆதாரம் உண்டா என்று அரசு வக்கீல் கேட்டார். இல்லை. பிறகு யாழினி கூண்டில் ஏறினாள். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். போர் தண்ணீர் சோடா போல இருந்ததையும், சுபஸ்ரீ பாட்டிலில் கொண்டுவந்ததையும், அணைந்த மெழுகுவர்த்தியையும் சொன்னாள்.

"மெழுகுவர்த்தியை இறக்கியபோது குற்றம் சாட்டப்பட்ட கவியரசன் பக்கத்தில் இருந்தாரா?" என்று வக்கீல் கேட்டார்.

யாழினி கவியரசனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"இருந்தார்."

"ஆக, தன் வீட்டுத் தண்ணீரில் வாயு கலந்திருப்பது தெரிந்தே அவர் பதவி ஏற்றிருக்கிறார். தெரிந்தே வாரந்தோறும் கசிவு இல்லை என்று உறுதி சொல்லியிருக்கிறார். அப்படித்தானே?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லும்படி நீதிபதி சொன்னார்.

ஏழு வருஷம் என்று தீர்ப்பானது. தன் மனைவியையும் பிறக்காத பிள்ளையையும் தெருவையும் கொன்ற குற்றத்துக்கு. தீர்ப்பில் அந்த அரைக் கிலோமீட்டர் விதியை நீதிபதி வாசித்தார். மக்கள் கேட்டுப் பெற்ற விதி என்று அதைப் பாராட்டினார்.

வெளியே வராந்தா பெஞ்சில் தவமணி உட்கார்ந்திருந்தாள். யாழினி அவள் காலருகில் தரையில் உட்கார்ந்தாள். தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை அப்படியே கிடந்தது.

கிஷோர் வந்தார். நிர்மலைப் பார்க்காதவர் போல் கடந்துவந்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, உண்மையிலேயே வருத்தத்தோடு பேசினார்.

"அம்மா, இப்பப் பேசுறது தப்புதான். வேற வழியில்ல. அந்தத் துளையைக் கண்டுபிடிச்சு அடைச்சாச்சு. வெளிய வந்த வாயுவையும் சேர்த்துப் பிடிச்சு மறுபடி புதைக்கணும்னு சட்டம். நாங்க மீற முடியாது. டைரக்டர் இடம் காலியா இருந்தா வேலை நின்னுடும். எல்லைக்குள்ள வீடு இருக்கிறவங்கள்ல, இப்ப உயிரோட இருக்கிறது நீங்கதான்."

"சார், நீங்க மனுஷனா?" என்றான் நிர்மல்.

தவமணி அவனைக் கையமர்த்தினாள். கிஷோரை நிமிர்ந்து பார்த்தாள்.

"குடும்பத்தோடன்னு இருக்கே சட்டத்துல. குடும்பம்னா எத்தன பேரு இருக்கணும்?"

கிஷோர் கொஞ்சம் யோசித்தார். "எண்ணிக்கை எதுவும் சொல்லலம்மா. ஒருத்தர் இருந்தாலும் போதும்."

"வேண்டாம்மா," என்றாள் யாழினி. "எங்ககூட வந்துடுங்க. எங்க வீட்டுல இருங்க. அந்த ஊரு வேண்டாம்மா."

"நானும் வந்துட்டா, அவன் வெளிய வர்ற அன்னிக்கு எந்த வீட்டுக்குப் பாப்பா வருவான்?"

கிஷோர் போனை எடுத்து, கையெழுத்துக்குப் பதில் விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். போலீஸ் வேனில் கவியரசனை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் கூட்டத்தில் அம்மாவைத் தேடினான். தவமணி எழுந்து, அவன் கண்ணில் படும்படி நகர்ந்து நின்று, வேன் வாசலைத் தாண்டும்வரை பார்த்தாள். பிறகு முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு கிஷோர் பக்கம் திரும்பினாள்.